அச்சத்துக்கு ஒரு வெளிவாயில்

அஞ்சுவதற்குக் காசு கொடுப்பார் உண்டோ என்று எம் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் அவர்கள் நகைத்திருப்பார்கள். அச்சம் நீங்குவதற்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். இருட்டிற் பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுவித்தார்கள், நூல் கட்டுவித்தார்கள், கட்டாடியாருக்குக் காணிக்கை வைத்தார்கள். அச்சம் தருக என்று கேட்டு, அதற்கு விலையும் கொடுத்து, வரிசையிற் காத்து நின்று, அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்து, மறுபடியும் வரிசையிற் சேர்ந்துகொள்ளும் மனிதனை அவர்கள் கண்டதில்லை. நாம் காண்கிறோம். ஒக்டோபர் மாதம் நெருங்கியதும் அமெரிக்கா முதல் சிங்கப்பூர் வரையுள்ள களியாட்டப் பூங்காக்கள் பல பேய்க்கோலம் பூணுகின்றன. பகலிற் குழந்தைகள் இராட்டினம் ஏறி விளையாடும் அதே இடம் இரவிற் சுடுகாடாக மாறுகின்றது.

இவ்விந்தையைப் பற்றி யான் கருதத் தொடங்கியது நூல் வாயிலாக அன்று. பழைய மாணவன் ஒருவன் வாயிலாக. வட அமெரிக்காவிற் குடியேறி வாழும் அவன், சென்ற ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்துக்கென ஊருக்கு வந்திருந்தான். மாலையில் இருவரும் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு அவன் பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. பிள்ளைகள் வற்புறுத்தியதனால் அவர்களோடு ஒரு களியாட்டப் பூங்காவின் பேய் வீட்டுக்குச் சென்றதாகச் சொன்னான்.

“பண்டிதர் ஐயா, புள்ளையள் கேட்டாங்க எண்டுதான் போனன். பாதி வழியில திரும்பி வந்திட்டன்” என்றான்.

பேய்க்குப் பயந்தவன் போலும் என எண்ணி யான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னான். முதலறையிற் பிணம் எழுந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் கூவினான். இரண்டாம் அறையில் ஓநாய் மனிதன் பாய்ந்தான். அதுவும் வேடிக்கையாகவே இருந்தது. மூன்றாவது இடம் ஒரு சோளக்கொல்லை. அங்கே வைக்கோல் மனிதன் ஒருவன் நின்றான். தலையிற் சாக்கு, சாக்கில் இரண்டு துளை. மேலைநாட்டார் கழனிகளிற் பறவைகளை ஓட்ட நிறுத்தும் பொம்மையின் வேடம் அது. அந்த உருவம் அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டியது.

1990ஆம் ஆண்டில் அவனுக்கு ஆறு வயது. ஊரைச் சுற்றிவளைத்து, எல்லாரையும் மைதானத்தில் இருத்தி, சாக்கினால் முகம் மூடிய ஒருவன் முன்னே ஒவ்வொருவராக நடத்திய நாள் அது. ‘தலையாட்டி’ என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தமிழில் என்ன பொருள் என்பதை இப்பகுதி வாசகருக்கு யான் விளக்க வேண்டுவதில்லை. அவன் சித்தப்பாவின் முன்னே அந்தத் தலை அசைந்தது. சித்தப்பா வீடு திரும்பவில்லை.

சோளக்கொல்லையில் அவன் கால்கள் நின்றுவிட்டன. பின்னால் வந்தோர் சிரித்துக்கொண்டு கடந்து சென்றனர். அப்போது அந்த உருவம் தன் சாக்கைக் கழற்றியது. உள்ளே ஒரு கல்லூரிப் பெண். அவள் அவன் கையைப் பற்றி, திரைக்குப் பின்னிருந்த சிறு கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு அழைத்து வந்து தண்ணீர் கொடுத்தாளாம்.

அந்தச் சிறு கதவு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அச்சம் எப்போது சுவையாகின்றது, எப்போது அச்சமாகவே நின்றுவிடுகின்றது என்னும் வினாவுக்கு விடை அக்கதவிலே இருக்கின்றதென யான் நினைக்கின்றேன்.

பேய் வீட்டின் வரலாறு

ஒக்டோபர் 31ஆம் நாள் கொண்டாடப்படும் ஹலோவீன், கிறித்தவரின் சகல புனிதர் திருநாளுக்கு முன்னிரவு. அயர்லாந்து முதலாய நாடுகளில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களின் பழைய பருவ விழாவொன்றின் எச்சமும் அதனுட் கலந்துள்ளதென்பர். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்நாளில் இறந்தோர் உலகுக்கும் இருப்போர் உலகுக்கும் இடையேயுள்ள வேலி தளரும் என்பது அவர் நம்பிக்கை. நம் நாட்டுக் கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாளிற் சேமக்காலைகளில் மெழுகுதிரி ஏற்றி மரித்தோரை நினைப்பதும் இந்தக் காலக்கூறைச் சேர்ந்ததே. ஒரே பருவத்தில் ஓரிடத்தில் மெழுகுதிரியும் வேறிடத்திற் பேய் முகமூடியும் தோன்றுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோர் இவ்விழாவை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 1930களில், அன்றிரவு தெருக்களிற் குறும்பு செய்த சிறுவரை அடக்குவதற்காகப் பெற்றோர் தம் வீட்டு நிலவறைகளை இருட்டாக்கிப் பேய் வழிகள் அமைத்தனர். வணிகம் பின்னரே வந்தது. 1969இற் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்திற் பேய் மாளிகை ஒன்று திறக்கப்பட்டது. அஃது ஆண்டு முழுவதும் நிற்பது. பருவத்துக்கு மட்டும் பூங்கா முழுவதையுமே பேய்க்காடாக்கும் வழக்கத்தை 1973இல் அதே மாநிலத்தின் நாட்ஸ் பெரி பாம் பூங்கா தொடங்கியது. 1991இல் புளோரிடாவின் யூனிவர்சல் பூங்கா அதனைப் பின்பற்றியது. 2011இற் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் பூங்காவுக்கும் அது வந்து சேர்ந்தது.

சிங்கப்பூருக்கு வந்த பேய்கள் மேலைநாட்டுப் பேய்களாக மட்டும் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டில் அங்கே பொந்தியானாக் என்னும் மலாய்ப் பேய்க்கு ஒரு வீடு அமைந்தது. கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றிலோ இறந்த பெண் வாழை மரத்தில் உறைந்து திரிகிறாள் என்பது மலாய் மக்கள் கதை. நம் பாட்டிமார் சொன்ன கதைகளுக்கு அஃது எத்துணை அண்மையில் நிற்கின்றது! நம் நாட்டிலும் வெசாக், பொசன் காலங்களில் தென்னிலங்கை ஊர்கள் சிலவற்றில் இளைஞர் கூடிப் பேய் வீடு அமைப்பதுண்டு. ஆதலின் இதனை அயலார் பித்து என்று தள்ளிவிடுதல் இயலாது.

தொல்காப்பியரின் நான்கு

அச்சத்தைச் சுவையாகக் கருதும் மரபு நமக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. நகைக்கும் உவகைக்கும் பெருமிதத்துக்கும் கொடுத்த அதே வரிசையில் ஆசிரியர் அதற்கும் இடம் கொடுத்தார்.

ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் நான்கு கூறாக விரித்தல் உரையாசிரியர் வழக்கு. சுவைக்கப்படும் பொருள், அதனாற் பிறக்கும் உணர்வு, அவ்வுணர்வால் உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடலிற் புலப்படும் விறல் என்பன அவை. இவ்வளவைப் பேய் வீட்டில் வைத்துப் பார்ப்போம். முகமூடி அணிந்த நடிகன் சுவைப்பொருள். அவனைக் கண்டதும் எழுவது உணர்வு. ‘ஓடு’ என்று உள்ளம் கூறுவது குறிப்பு. மயிர் சிலிர்த்தலும் உள்ளங்கை வியர்த்தலும் குரல் அடைத்தலும் விறல். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் மின்பொறிகள் கொண்டு இயற்றப்படும் காட்சி, நம் பழைய இலக்கணத்தின் நான்கு கட்டங்களுள்ளும் ஒழுங்காகப் பொருந்தி நிற்கக் காண்கின்றோம்.

அளவைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. டென்மார்க்கு நாட்டின் பேய் வீடு ஒன்றுக்குச் சென்ற 110 பேரின் இதயத் துடிப்பைக் கருவி கொண்டு அளந்து, அவர்கள் எய்திய அச்சத்தையும் இன்பத்தையும் ஒப்பிட்டு 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அச்சம் குறைந்தவிடத்து இன்பமும் குறைந்தது, மிகுந்தவிடத்தும் குறைந்தது, இடைநிலை அச்சத்திலேயே இன்பம் உச்சத்தை அடைந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லி வந்த நமக்கு இம்முடிவு வியப்புத் தருவதன்று.

ஆனால் என் மாணவன் கதையை அளவு என்ற ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. பாய்ந்து வந்த ஓநாய் மனிதன் அவனை வருத்தவில்லை. அசையாது நின்று தலையை மட்டும் ஆட்டிய உருவம் அவனை வீழ்த்தியது. இதற்கு விடை தொல்காப்பியரிடமே உண்டு. அச்சம் பிறக்கும் களன்களாக அவர் நான்கைக் கூறினார்: பேயும் வருத்தும் தெய்வமும் அடங்கிய அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, இறை எனப்படும் மேலோர் ஒன்று. இறை என்பதனுள் அரசரோடு தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்துரைத்தார் பேராசிரியர். ஆசிரியர் பெயரை அங்கே காணுந்தோறும் என் மாணாக்கர் நகைப்பது வழக்கம்.

இந்நான்கையும் உற்றுநோக்கினால் நடுவே ஒரு கோடு தெரியும். அணங்கும் விலங்கும் காட்டுப்புறத்தினின்று வருவன. கள்வரும் இறையும் மனிதர். நம் வீட்டுக் கதவைத் தட்ட வல்லவர். முன்னிரண்டையும் வைத்து விளையாடலாம். பின்னிரண்டை வைத்து விளையாடுவது, அவற்றை உண்மையில் அறியாதவர்க்கே இயலும். சாக்கு முகமூடி அந்நாட்டுச் சிறுவர்க்கு அணங்கு வகை; என் மாணவனுக்கோ அது நான்காம் வகை. பொருள் ஒன்று, காண்பார் இருவர், மெய்ப்பாடு இரண்டு.

சொல்லாற் கட்டிய பேய் வீடு

தமிழில் ஒரு பேய் வீடு தொளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கட்டப்பட்டுவிட்டது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியையே குறிக்கின்றேன். முதற் குலோத்துங்கன் காலத்தில் அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் அது. போரைப் பாட வந்த புலவர் நேரே போர்க்களத்துக்குச் செல்லவில்லை. நூலின் உறுப்புகள் அமைந்த முறையைப் பாருங்கள். கடவுள் வாழ்த்தையடுத்துக் கடைதிறப்பு: கதவு திறக்கின்றது. பின்னர்க் காடு: வெந்து கரிந்த பாலை. அதன் நடுவே காளியின் கோயில். கோயிலுக்குள் தேவி. தேவியைச் சூழப் பேய்கள். இறுதியில் இந்திரசாலம். இன்று ஒரு பூங்காவிற் பேய் வீடு வகுக்கும் கலைஞன் பார்வையாளரை வழிநடத்தும் ஒழுங்கும் இதுவே. வாயில், இருள்வழி, மண்டபம், தலைமைப் பேய், மாயக்காட்சி.

இந்திரசாலப் பகுதியோ இன்னும் நுட்பமானது. காளிக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடியிருந்த முதுபேய் ஒன்று திரும்பி வந்து, தான் கற்ற மாயவித்தையைக் காட்டுகின்றது. குருதி ஆறும் பிணக்குவியலும் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் அவற்றின்மீது பாய்ந்து ஏமாந்து வீழ்கின்றன. மாயை மாயையென்று தெரிந்தும் பேய்களே தடுமாறுகின்றன. படிக்கும் நாம் அவற்றைப் பார்த்துச் சிரிக்கின்றோம். அச்சத்தை நகையாக மாற்றும் கதவைப் புலவர் திறந்துவைக்கும் இடம் அது. நூலின் இறுதியிற் பேய்கள் கூழடுதலும், பல்வேறு கோலத்துப் பேய்கள் வந்து கூழ் கேட்டலும், உண்டு மகிழ்ந்து வாழ்த்துதலும் வருகின்றன. ஊமையையும் குருடரையும் பேயாக்கி நகைக்கும் இடங்கள் இக்காலத்துக்கு ஏலாதன என்பதை மாணாக்கர்க்குச் சொல்லியே யான் அப்பகுதியைக் கற்பிக்கின்றேன். ஆயினும் உட்புகுந்தவனைச் சிரிப்போடும் வாழ்த்தோடும் வெளியே அனுப்புதல் என்ற முறையை அந்நூல் நன்கு அறிந்திருந்தது.

வைகாசியும் குளிர்த்தியும்

மட்டக்களப்புக்கும் அச்சத்துக்கு ஒரு பருவம் உண்டு, அது வைகாசி. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள கண்ணகி அம்மன் ஆலயங்கள் ஆண்டு முழுவதும் மூடியிருந்து, அம்மாதத்திற் சடங்குக்காகக் கதவு திறக்கும். பரணியின் கடைதிறப்பு இங்கே உண்மையாகவே நிகழ்கின்றது. சடங்கு நாள்களிற் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். கணவனை இழந்தவள் மதுரையை எரித்த சினம் இரவுதோறும் கேட்போர் நடுவே எழுந்து நிற்கும். உடுக்கும் பறையும் ஒலிக்க, உருவேறி ஆடுவோரைக் கண்டு தாயின் முந்தானைக்குள் ஒளியாத பிள்ளை எங்கள் ஊர்களில் இல்லை. யானும் ஒளிந்தவனே.

ஆனால் அச்சினத்தோடு எவரும் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. சடங்கின் முடிவு குளிர்த்தி. எரித்தவளைக் குளிர்விக்கும் பாடல் பாடி, நீர் தெளித்து, அவளையும் கண்டோரையும் தணித்த பின்னரே கதவு மூடப்படும். குளிர்த்தி நடைபெறாத சடங்கை எம்மவர் சடங்கென்றே கொள்ளார். அச்சத்தை எழுப்பியவனே அதனை அடக்கியும் தரவேண்டும் என்னும் கடமை அதனுள் இருக்கின்றது.

கூத்துக்கும் இதுவே வழக்கு. எம் களரிக்குச் சுவரில்லை, நாற்புறமும் திறந்தது. இராவணனும் அரக்கரும் பந்த வெளிச்சத்தில் ஆடிய காலத்தில் அவர்களைக் கண்டு குழந்தைகள் நடுங்கினார்கள். ஆனால் பக்கத்திலிருந்த கிழவி, ‘அது நம்மட கந்தப்பட மகன்தானே’ என்பாள். நடுக்கமும் தெளிவும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன. விடியும்வரை ஆட்டம், விடிந்தால் அரக்கன் வாவியில் முகம் கழுவி வயலுக்குப் போவான். மந்திரவாதிகள் ஒருவரையொருவர் வீழ்த்த முயலும் மகிடிக் கூத்திலும் மந்திரத்துக்கு அஞ்சும் நெஞ்சம் சற்று நேரத்திலே வயிறு குலுங்கச் சிரித்துவிடும். தென்னிலங்கையில் நோய்க்கொரு முகமூடியாகப் பதினெட்டுப் பேய்களை ஆட்டும் சன்னி யக்கும என்னும் சடங்கிலும் இவ்வாறே. இரவெல்லாம் அச்சுறுத்திய பேய் இறுதியிற் கோமாளித்தனமாகப் பேசி நகைப்புக்கு உள்ளாகும். புரூஸ் கப்பெரர் என்னும் மானிடவியலாளர் 1983இல் வெளியிட்ட நூலில், அந்த நகைச்சுவையே நோயாளியை மீண்டும் ஊராரோடு சேர்த்துவைக்கின்றது என்று காட்டியுள்ளார்.

கதவில்லாத வீடு

வெளிவாயில் என்று யான் கூறுவது உவமை மட்டும் அன்று. 1984ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் களியாட்டப் பூங்கா ஒன்றின் பேய்க் கோட்டையில் தீப்பற்றியது. நீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய்கள் அங்கே இல்லை. உள்ளே அகப்பட்ட எட்டு இளையோர் மாண்டனர். இருட்டும் வளைவுகளும் திகைப்பூட்டுவதற்காக அமைக்கப்பட்டவை. அன்று அவையே உயிருக்குப் பகையாயின. அதன் பின்னர் இத்தகைய கட்டடங்களுக்குக் கடுமையான விதிகள் வந்தன. விளையாட்டுக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது ஒரு கதவு என்பதனை அந்நாடு எட்டுப் பிள்ளைகளைக் கொடுத்துக் கற்றது.

உள்ளத்துக்கும் அத்தகைய விதி வேண்டும். 2016இல் நாட்ஸ் பெரி பாம் பூங்கா மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ஒரு காட்சியை அமைத்தது. மனநோயாளரைப் பேயாக்கிக் காட்டுதல் இழிவென்று அவர்தம் குடும்பத்தாரும் நலம் பேணுவோரும் கண்டித்தனர், காட்சி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டிற் சிங்கப்பூரிற் பழைய சாங்கி மருத்துவமனையின் பெயரால் ஒரு பேய் வீடு அமைந்தது. யப்பானியர் ஆட்சியின்போது போர்க் கைதிகள் நோயுற்றுக் கிடந்த இடம் அது. அத்துயரம் நிகழ்ந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பேய்க்கதையாவதற்கு ஒரு துயரம் எத்தனை ஆண்டு முதிர வேண்டும்? யான் விடை அறியேன். எங்கள் துயரங்கள் இன்னும் முதிரவில்லை என்பதை மட்டும் அறிவேன்.

இந்த மண்ணில் முகமூடிக்கு வேறொரு நினைவும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பேச்சுக் கிழக்கிலங்கை எங்கும் பரவியது. உடம்பெல்லாம் மசகு பூசிய மர்ம மனிதர் இரவிற் பெண்களைத் தாக்குகின்றனர் என்றனர். ஊர்கள் உறங்கவில்லை. ஆண்கள் தடியேந்திச் சந்திகளிற் காவல் நின்றனர். பல இடங்களிற் பொதுமக்களுக்கும் பாதுகாப்புத் தரப்பினருக்கும் மோதல் மூண்டது. அது பேயோ, கள்வரோ, வேறு எவரோ என்று தெரியாமலே பெண்கள் பொழுதுபட்டதும் கதவடைத்தனர். பெயரிற் பூதம்; உள்ளே மனிதன் என்ற ஐயம். அணங்கும் கள்வரும் இறையும் ஒன்றாகக் குழம்பிய அச்சம் அது. அந்த வீட்டுக்கு நுழைவுச் சீட்டும் இல்லை, முடியும் நேரமும் இல்லை, முகமூடியைக் கழற்றித் தண்ணீர் கொடுப்பாரும் இல்லை.

மாணாக்கர் கேட்ட வரம்

இவ்வெண்ணங்களோடு யான் இருந்தபோது, எம் உயர்வகுப்பு மாணாக்கர் சிலர் வந்து, கல்லூரிக் களியாட்ட விழாவில் ஒரு பேய் வீடு அமைக்க என்னைப் பொறுப்பாசிரியராக நிற்கும்படி வேண்டினர். பண்டிதர் மறுத்துவிடுவார் என்றே பிற ஆசிரியர் எண்ணினர். யானும் முதலில் மறுக்கவே நினைத்தேன். ஆனால் இவர்கள் போர் முடிந்த பின்னர் வளர்ந்தவர்கள். இருட்டில் விளையாட்டாக அலறும் உரிமை எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. எமக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக அவர்களுக்கும் மறுப்பது நீதியாகாது. ஆகவே நான்கு நிபந்தனைகள் கூறி இசைந்தேன்.

முதலாவது, எந்த அறையில் நின்றாலும் வெளியே செல்லும் வழி தெரிய வேண்டும். இரண்டாவது, அணங்கும் விலங்கும் மட்டுமே வரலாம். கள்வரும் இறையும் வேண்டா. சீருடை, துவக்கு, வெடியோசை, சாக்கு எதுவும் கூடா. மூன்றாவது, நோயாளரையும் உடற்குறை உடையோரையும் பேயாக்கக் கூடாது. நான்காவது, ‘போதும்’ என்று ஒருவர் சொன்ன கணமே எதிரில் நிற்கும் பேய் தன் முகமூடியைக் கழற்ற வேண்டும். சாக்கு ஏன் கூடாதென்று ஒரு மாணவி வினவினாள். அன்று பாடத்தை நிறுத்திவிட்டுத் தலையாட்டியின் கதையைச் சொன்னேன். வகுப்பு நெடுநேரம் அமைதியாயிருந்தது. அவர்களுட் பலர் வீட்டில் அந்தக் கதை இருந்தது. ஆனால் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பேய் வீடு சிறப்பாக அமைந்தது. பரணியின் முதுபேய் கதவைத் திறந்தது. சேற்றுநிலத்திற் கொள்ளிவாய்ப் பேய் மின்கலத்தின் உதவியால் வாய் திறந்து எரிந்தது. சதுப்பில் அழுகும் பொருள்களினின்று எழும் வாயுவே அவ்வொளிக்குக் காரணமென விஞ்ஞான மாணாக்கர் வெளிவாயிலில் எழுதி வைத்தனர். அவ்வாயிலில் ஒரு குடம் பானக்கமும் வைத்திருந்தார்கள். அதற்குக் ‘குளிர்த்தி’ என்று பெயரிட்டவர்கள் அவர்களே, யான் சொல்லவில்லை.

பிற்பகலில், கல்லூரியைக் கூட்டித் துப்புரவாக்கும் முதிய பெண்மணி ஒருவர் வாயிலில் வந்து நின்றார். மகன் ஒருவனை 1990இல் இழந்தவர் அவர். உள்ளிருந்து கேட்ட அலறல் அவரை இழுத்து வந்திருக்க வேண்டும். “என்ன மனே, உள்ளுக்க ஆரு கத்துறது?” என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது. யான் விடை தேடுவதற்கு முன்னரே, வாயிலில் நின்ற முதுபேய் தன் முகமூடியைக் கழற்றிவிட்டது. உள்ளே வியர்த்து வடிந்த ஒரு சிறுமியின் முகம்.

பெண்மணி அவளை உற்றுப் பார்த்தார். பின்பு வாய்விட்டுச் சிரித்தார். “அட, நம்மட தங்கத்துட பேத்தியெல்லுவா இது!” என்றார். உள்ளே போகவில்லை. வெளிவாயிற் பக்கத்திற் கதிரை போட்டு அமர்ந்துகொண்டு, அலறியபடி ஓடிவந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்று மாலைவரை அவரே பானக்கம் வார்த்துக் கொடுத்தார்.